சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கல்யாணம் நடத்த எதில் தொடங்குவது?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் ஐந்து மாதத்தில் எனக்குக் கல்யாணம். ஏறக்குறைய 300 பேர் வருவார்கள் என்று வீட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் வெளியூர்.

போன வருஷம் நெருங்கிய தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் கடைசிவரை இருந்து மண்டபத்தைக் காலி செய்துகொடுக்கும் வேலையில் நானும் நின்றேன். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பைகள். பாதி குடித்த தண்ணீர் பாட்டில், கையே படாத சாப்பாடு, பூ, தெர்மாகோல், காகிதக் கோப்பை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. குப்பை எடுக்க வந்த அம்மா வெறுங்கையால் அதிலிருந்து பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், என் கல்யாணத்தில் இது நடக்கக் கூடாது என்று.

அப்புறம் இரண்டு மாதமாகத் தேடித்தேடி ஒரு பட்டியல் போட்டேன். விதை பதித்த காகிதத்தில் அழைப்பிதழ், மூங்கில் கரண்டி, மக்கும் தட்டு, மக்கும் கோப்பை, வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பருத்திப் பை, ஆளுக்கொரு மரக்கன்று. பட்டியல் நீள நீளச் செலவு ஏறுகிறது, வீட்டில் முணுமுணுப்பும் ஏறுகிறது. "சாதாரணமாகச் செய்தாலே இதைவிடக் குறைவாகத்தானே பொருள் வாங்குவோம்" என்று அம்மா ஒரு நாள் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அம்மா கேட்டது நியாயமாகத்தான் படுகிறது.

என் கேள்வி இதுதான். ஒரு கல்யாணத்தில் உண்மையிலேயே எது பெரிய பாதிப்பு, எது சின்னது? எல்லாவற்றையும் என்னால் மாற்ற முடியாது. மூன்று நான்கு விஷயத்தை மட்டும் பிடிக்கலாம் என்றால் எதைப் பிடிப்பது? நேரில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.


கணக்குநோட்டு:

வாழ்த்துகள் தங்கச்சி. அம்மா கேட்ட கேள்விதான் சரியான தொடக்கம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் நீங்கள் எழுதியிருக்கிற எல்லாமே புதிதாக வாங்கும் பொருள். ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொரு பொருளை வாங்குவதில் கிடைக்கும் நன்மை சின்னது. பெரிய பாதிப்பு எங்கே இருக்கிறது என்றால் முதலில் வருகிறவர்களின் பயணம், அடுத்து சாப்பாடு, அதற்கும் அடுத்துதான் மின்சாரம், அலங்காரம், தட்டு எல்லாம்.

என் தம்பி கல்யாணத்துக்கு நான் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டேன், கணக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசல் என்றால் 2.7 கிலோ. இந்த இரண்டு எண் போதும். 150 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 40 பேர், காருக்கு இரண்டு பேராக 20 காரில் வருகிறார்கள் என்று வையுங்கள். போக வர 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் காருக்கு 20 லிட்டர். ஆக ஒரு காருக்கு 46 கிலோ, இருபதுக்கும் சேர்த்து 920 கிலோ. அதே 40 பேரும் ஒரே பஸ்ஸில் வந்தால், பஸ் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்தான் ஓடும் என்று வைத்தாலும் 75 லிட்டர் டீசல், சுமார் 200 கிலோ. ஒரு பஸ் ஏற்பாடு செய்ததில் 700 கிலோ குறைந்துவிட்டது. 300 காகிதத் தட்டின் மொத்த எடையே சில கிலோதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமானத்தில் வருகிறவர் இருந்தால் தூரத்தைப் பொறுத்து ஒரே ஆளுக்குச் சில நூறு கிலோ ஆகிவிடும்.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது இடம். பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்களோ அதற்குப் பக்கத்தில், ரயிலோ பஸ்ஸோ இறங்கி நடந்து வரக்கூடிய மண்டபமாகப் பாருங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் பசுமையான இடம் எடுத்து, அதற்கு 100 கார் போய் வந்தால் அந்தப் பசுமைக்கு அர்த்தமே இல்லை. சடங்கு ஓர் இடம், வரவேற்பு இன்னோர் இடம் என்று பிரிக்காதீர்கள். தங்கும் இடத்தையும் நடக்கும் தூரத்தில் பிடித்தால் இரண்டு நாளும் வண்டி ஓடிக்கொண்டே இருக்காது.

பஸ் விஷயத்தில் ஒன்று. அழைப்பிதழ் கொடுக்கும்போதே "இந்த இடத்திலிருந்து இத்தனை மணிக்கு வண்டி கிளம்பும், கல்யாணம் முடிந்து இத்தனை மணிக்குத் திரும்பும்" என்று சொல்லிவிட வேண்டும். கடைசி வாரம் சொன்னால் எல்லோரும் அதற்குள் கார் பேசியிருப்பார்கள். எங்களுக்கு முதல் வண்டி நிறைந்தது, இரண்டாவது வண்டி பாதி காலியாகப் போனது. காரணம் திரும்பும் நேரத்தை நாங்கள் சொல்லவில்லை. குழந்தை வைத்திருப்பவர்கள் எப்போது வீடு திரும்புவோம் என்று தெரியாமல் ஏற மாட்டார்கள், அது அவர்கள் தப்பில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி. முடிந்தால் பகலில் வையுங்கள். கூடத்தில் ஜன்னலும் வெளிச்சமும் இருந்தால் விளக்குச் செலவு பாதி போய்விடும். ஜெனரேட்டர் பேசும்போது மின்சாரம் போனால் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். நடுத்தர அளவு ஜெனரேட்டரே மணிக்குப் பத்து லிட்டர் டீசலுக்குக் குறையாமல் குடிக்கும். யாரும் கேட்காவிட்டால் காலையில் போட்டதை இரவுவரை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம் எண்ணிக்கை. 300 என்பது வீட்டில் போட்ட கணக்கு என்று சொன்னீர்கள். அந்தப் பெயர்களை ஒருமுறை நீங்களும் மாப்பிள்ளையும் சேர்ந்து படித்துப் பாருங்கள். யாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை. தொலைவிலிருந்து கடமைக்காக மட்டும் வருகிறவர்களை, பிறகு அவர்கள் ஊருக்குப் போகும்போது நீங்களே வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு பேர் பயணம், இருபது பேர் பயணத்துக்குப் பதிலாக. பெரியவர்கள் அதைத்தான் இன்னும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள், எங்கள் அனுபவம் இது.


பெரியஅடுப்பு:

நான் இருபது வருஷமாகப் பெரிய விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவன். மேலே சொன்ன பயணக் கணக்கு சரிதான், ஆனால் நீங்கள் பின்பக்கம் பார்த்த அந்தக் கறுப்புப் பைகளில் எடையில் பாதிக்கு மேல் சாப்பாடாகத்தான் இருந்திருக்கும். அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 சதவீதம். அதில் 29 கோடி டன் ஓட்டல், விருந்து மாதிரியான இடங்களில். அப்படி வீணாவது மண்ணில் பரந்து கிடந்து மக்கினாலாவது பரவாயில்லை. மற்ற குப்பையோடு பையில் கட்டிக் கிடங்கில் கொட்டும்போது காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல் சூடேற்றும்.

ஏன் மிஞ்சுகிறது என்றால், எங்களிடம் வருகிறவர்கள் சொல்லும் எண்ணிக்கை பயத்தில் சொல்வது. போதாமல் போய்விட்டால் மானம் போய்விடும் என்று 300 பேருக்கு 400 சொல்வார்கள். நாங்களும் எங்கள் பெயர் கெடக் கூடாது என்று அதன் மேல் கொஞ்சம் சேர்ப்போம். இரண்டு பயமும் சேர்ந்துதான் அந்தப் பை. இதை உடைக்க ஒரே வழி, யார் வருகிறார்கள் என்று உறுதியாகக் கேட்பது. பொதுவாக ஒரு செய்தி அனுப்பினால் "கண்டிப்பாக வருவோம்" என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். பத்து நாள் இருக்கும்போது குடும்பத்தில் மூன்று பேர் அழைத்த வீடுகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போனில் பேசுங்கள். "வருகிறீர்களா" என்று கேட்காதீர்கள், "எத்தனை பேர், எந்த வேளைச் சாப்பாட்டுக்கு இருப்பீர்கள்" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். வேளை வாரியாக எண்ணிக்கை கிடைத்தால் சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அடுத்து ஐட்டங்களின் எண்ணிக்கை. 25 வகை வைத்தால் யாரும் 25 வகையையும் சாப்பிட மாட்டார்கள், ஆனால் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துத் தட்டை நிரப்புவார்கள். 10 வகை வையுங்கள், ஒவ்வொன்றும் சுடச்சுட, நிதானமாகச் செய்து கொடுக்கிறோம். சாப்பிட்டவர்கள் ருசியைத்தான் சொல்லிக்கொண்டு போவார்கள், வகையை எண்ணிப் பார்த்தவர்களை நான் பார்த்ததில்லை. பஃபே என்றால் சின்னத் தட்டு வையுங்கள், இரண்டாம் முறை எடுக்கத் தடை இல்லை என்று நன்றாகத் தெரியும்படி இருக்கட்டும். உட்கார வைத்துப் பரிமாறினால், பரிமாறுகிற பையன்களிடம் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். கேட்காமல் போட்டுக்கொண்டே போவதுதான் எங்கள் தொழிலின் பழக்கம், நான் அதை மாற்ற வருஷக்கணக்கில் பாடுபட்டேன்.

சமையல் காண்ட்ராக்டரிடம் பேசும்போது ஒரு விஷயம் கேளுங்கள். மொத்தத்தையும் விடியற்காலையில் சமைத்து முடிக்காமல், முக்கால் பங்கு முதலில் சமைத்து, மீதியை நறுக்கித் தயாராக வைத்துக் கூட்டத்தைப் பார்த்து அடுப்பில் ஏற்ற முடியுமா என்று. நல்ல ஆள் முடியும் என்பார். சமைக்காத காய் மறுநாளும் காய்தான். சமைத்தது மறுநாள் குப்பை.

மிஞ்சியதைக் கொடுப்பது பற்றி. "மீந்தால் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் யார், எப்போது, எதில் எடுத்துப்போவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு போன் போட்டால் எந்த இல்லத்திலும் வாங்க மாட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். ஒரு வாரம் முன்பே பேசி, எத்தனை மணிவரை வாங்குவார்கள் என்று கேட்டு, மூடியுள்ள பாத்திரமும் ஒரு வண்டியும் ஓர் ஆளும் ஒதுக்கி வையுங்கள். கூடத்தில் மேஜைமேல் திறந்து வைத்ததைக் கொடுக்காதீர்கள், சமையலறையில் கை படாமல் மூடியிருந்ததை மட்டும் கொடுங்கள். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. நடுவில் இருக்கும் வெப்பத்தில்தான் கிருமி பெருகும். அப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒருமுறை நான் சமைத்துக் கொடுத்த விருந்தில் மீந்ததை அந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் காலை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிட்ட பெரியவர்கள் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு ஆகிவிட்டது. இன்றும் அது என் மனதில் உறுத்துகிறது. கொடுக்கிற மனசு மட்டும் போதாது.

என்ன சமைப்பது என்பதிலும் நிறைய இருக்கிறது. 2018இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வில், 100 கிராம் புரதத்துக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்று பார்த்தார்கள். மாட்டிறைச்சிக்காகவே வளர்க்கும் மாடு என்றால் சராசரியாக 50 கிலோ, ஆட்டிறைச்சி 20 கிலோ, கோழி ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பட்டாணி அரைக் கிலோவுக்கும் குறைவு. காய்கறி விருந்தாகவே வைக்க முடிந்தால் அதுதான் சிறந்தது. வீட்டில் ஒப்புக்கொள்ளாவிட்டால் சண்டை போட வேண்டாம், ஒரே ஒரு இறைச்சி வகை, அதுவும் கோழி என்று வைத்தாலே பெரும் வித்தியாசம்.

தண்ணீருக்குப் பாட்டில் வேண்டவே வேண்டாம். பெரிய கேன், குழாய், கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளர். பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்துவிட்டு எங்கே வைத்தோம் என்று மறந்து இன்னொன்று எடுப்பார்கள். 300 பேருக்கு 700 பாட்டில் போவதை நான் பார்த்திருக்கிறேன்.


மண்புழு:

குப்பை பிரிக்கும் குழு ஒன்றில் எட்டு வருஷமாக இருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் பைகளைத் திறந்து பார்ப்பது எங்கள் வேலை. உங்கள் பட்டியலில் "மக்கும் தட்டு, மக்கும் கோப்பை" என்று இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல மனசுள்ளவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

காகிதக் கோப்பை காகிதம் மட்டும் இல்லை. உள்ளே தண்ணீர் ஊறாமல் இருக்க மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. அதைக் காகிதத்திலிருந்து பிரிக்கத் தனி ஆலை வேண்டும், சாதாரணக் காகிதத்தோடு போட்டால் வாங்க மாட்டார்கள். மக்கவும் மக்காது, மறுசுழற்சிக்கும் போகாது.

சோளத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் என்று கண்ணாடி மாதிரி ஒரு கோப்பை விற்கிறார்கள், பி.எல்.ஏ என்று பெயர். அது மக்கும் என்பது பொய் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் சோதனையே 58 டிகிரி அளவு சூடு உள்ள தொழில்முறை உரக்கூடத்தை மனதில் வைத்துச் செய்வது. வீட்டுத் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு வராது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். உங்கள் பக்கத்தில் அப்படி ஓர் உரக்கூடம் இருந்து, அவர்கள் இதை வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அது விலை கூடிய பிளாஸ்டிக்தான். சாதாரணப் பாட்டில்களோடு தெரியாமல் கலந்துவிட்டால் அந்த மறுசுழற்சியையும் கெடுத்துவிடும்.

கரும்புச் சக்கைத் தட்டு இதைவிட மேல், சீக்கிரம் மக்கும். அதிலும் எண்ணெய் ஊறாமல் இருக்கச் சிலர் பி.எஃப்.ஏ.எஸ் வகை வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அவை இயற்கையில் சிதையாதவை, உரத்தோடு மண்ணுக்குப் போய்விடும். விற்பவரிடம் சேர்க்காததுதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு தலைவலியும் இல்லாத வழி, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் தட்டும் டம்ளரும். வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் இதில் எல்லோரும் மறக்கிற விஷயம் கழுவ ஆள். தட்டு வந்து இறங்கிவிடும், மூன்று பேர் கழுவ நிற்பார்கள், கூட்டம் நெருக்கும்போது தட்டு தீர்ந்துவிடும், உடனே யாராவது கடைக்கு ஓடிக் காகிதத் தட்டு வாங்கி வருவார்கள். இது கண்ணால் பார்த்தது, ஒரு தடவை இல்லை. ஆட்களைக் கூடுதலாகப் பேசுங்கள், அவர்களுக்குக் கையுறை, போதுமான தண்ணீர், உட்காரச் சரியான இடம், சாப்பாட்டு நேரம் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டு, ஒரு தொட்டியில் ஊற வைத்து, அடுத்ததில் தேய்த்து, மூன்றாவதில் அலசினால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிடத் தண்ணீர் மிகக் குறைவாக ஆகும்.

குப்பைத்தொட்டி வைத்தால் மட்டும் பிரிந்துவிடாது. எத்தனை வண்ணத்தில் எழுதி ஒட்டினாலும் கல்யாணக் கூட்டத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும், "மிச்சம் இதில், தட்டு இதில்" என்று கையைக் காட்டினால் போதும். உங்கள் வீட்டு இளைய பிள்ளைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழுவாக மாற்றி மாற்றி நிற்க வையுங்கள், நாங்கள் போன நிகழ்ச்சிகளில் பத்து வயசுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கண்டிப்பாக நின்றார்கள். தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் மக்குவது, மக்காதது இரண்டையும் ஒட்டியே வையுங்கள். தனியாக ஒன்று இருந்தால் எல்லாம் அதற்குள் போகும்.

கடைசியாக, பிரித்ததை யார் எடுத்துப்போவார் என்று முன்பே பேசியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் பிரித்தால், இரவு வருகிற வண்டியில் எல்லாம் மறுபடி ஒன்றாகக் கொட்டப்படும். நீங்களே தோட்டத்தில் மக்க வைப்பதானால் ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை வேண்டும், இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். ஐந்து மாதம் இருக்கிறது.


மழைக்குருவி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, மூன்று பேருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பெரியஅடுப்பு அண்ணா சொன்ன "இரண்டு பயம்" என்ற வரியில் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மூங்கில் கரண்டியையும் மக்கும் கோப்பையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். அலங்காரத்துக்கு நிஜப் பூதான் வைக்கிறோம், அதில் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது, மாப்பிள்ளையின் நண்பர்கள் இரவு நிகழ்ச்சிக்குப் பலூன் பறக்க விடுவது, காகித விளக்கை வானத்தில் ஏற்றுவது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆசையாகச் செய்கிறார்கள், மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?


பூக்கூடை:

பூ அலங்காரத் தொழிலில் இருக்கிறேன், அதனால் முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. பூ நல்லதுதான், பூவைக் குத்தி நிற்க வைக்கிற பச்சைப் பஞ்சுதான் சிக்கல். தண்ணீரில் ஊற வைப்போமே, செங்கல் மாதிரி இருக்கும், அது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். விரலால் அழுத்தினாலே பொடியாகும், அந்தப் பொடி அத்தனையும் நுண்பிளாஸ்டிக், தொட்டித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். ஒரு தடவைக்கு மேல் பயன்படாது. லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சியை நடத்துகிறவர்கள் 2021 முதல் தங்கள் கண்காட்சிகளில் அதை அனுமதிப்பதில்லை. நானும் நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஜாடிக்குள் கம்பி வலையைச் சுருட்டி வைத்தோ, குச்சிகளைப் பின்னி வைத்தோ பூ நிற்க வைக்கலாம், வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உங்கள் டெக்கரேஷன்காரரிடம் "பச்சைப் பஞ்சு வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

பூவை அந்தப் பருவத்தில் பக்கத்தில் விளைவதாக எடுங்கள். விமானத்தில் ஐஸ் வைத்து வருகிற பூவுக்கும் காலையில் பறித்து வருகிற பூவுக்கும் மேடையில் பத்தடி தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பூவின் மேல் சாயமோ மினுக்குப் பொடியோ அடிக்க விடாதீர்கள், அடித்தால் பிறகு மக்க வைக்க முடியாது. மினுக்குப் பொடி பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் துணுக்குதான், ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளாஸ்டிக் மினுக்குப் பொடியைத் தனியாக விற்பதற்கே 2023 அக்டோபரிலிருந்து தடை. கம்பியும் டேப்பும் இல்லாமல் நூலால் கட்டச் சொன்னால் நிகழ்ச்சி முடிந்ததும் பூ அப்படியே உரத்துக்குப் போகும்.

பலூன் பற்றி. ரப்பர் பலூன் இயற்கைப் பொருள், மக்கிவிடும் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். அது மக்குவதற்கு முன்னால் கடலில் பறவைகள் விழுங்கிவிடுகின்றன. 2019இல் வந்த ஆய்வு ஒன்றில், கடற்பறவை ஒன்று கடினப் பிளாஸ்டிக்கை விழுங்கிச் சாவதைவிடப் பலூன் துண்டை விழுங்கிச் சாகும் வாய்ப்பு 32 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். மென்மையாக இருப்பதால் குடலில் போய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே அடைக்கிற ஹீலியமும் இயற்கை எரிவாயுவோடு தரைக்கடியிலிருந்து எடுப்பது, விட்டால் திரும்பக் கிடைக்காது.

வான விளக்கு அதைவிட ஆபத்து. ஜெர்மனியில் கிரேஃபெல்டு என்ற ஊரில் 2020 புத்தாண்டு இரவில் யாரோ ஏற்றிய விளக்கு உயிரியல் பூங்காவின் குரங்குக் கூடத்தின் மேல் விழுந்து 30க்கும் மேற்பட்ட விலங்குகள் எரிந்து செத்தன. அங்கே அந்த விளக்குக்கு ஏற்கெனவே தடை இருந்தும் நடந்தது. ஏற்றிவிட்ட நெருப்பு எங்கே இறங்கும் என்று யார் கையிலும் இல்லை. இதை அந்த நண்பர்களிடம் அப்படியே சொல்லுங்கள், "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால்தான் மனம் நோகும். பதிலுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றில் இதே மாதிரி ஆசையோடு வந்த பையன்களிடம் முற்றம் முழுவதும் நூறு எண்ணெய் விளக்கு ஏற்றும் பொறுப்பைக் கொடுத்தோம். மாலை ஐந்து மணிக்கே வந்து திரி போட ஆரம்பித்துவிட்டார்கள். படம் எடுத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள்.


கணக்குநோட்டு:

பருத்திப் பையையும் மரக்கன்றையும் இன்னும் யாரும் தொடவில்லை என்பதால் மறுபடி வருகிறேன். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, கடையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட நல்லது என்று சொல்ல, பருவநிலைக் கணக்கில் மட்டும் பார்த்தாலே 52 தடவை பயன்படுத்த வேண்டும். தண்ணீர், நிலம், ஓசோன் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் 7,100 தடவை. வருகிறவர்கள் வீட்டில் ஏற்கெனவே பத்துப் பை கதவுக்குப் பின்னால் தொங்கும், பதினொன்றாவதை நாம் கொடுக்கிறோம்.

மரக்கன்று இன்னும் வருத்தம். அடுக்குமாடியில் இருப்பவர் அதை எங்கே நடுவார்? பாதிக் கன்று மண்டபத்து வாசலிலேயே கிடந்து காய்வதைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் பத்து இருபது போதும். மற்றவர்களுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது. உடனே தின்று தீர்க்கிற பண்டம் ஏதாவது காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் போதும்.

விதைக் காகிதமும் அப்படித்தான். அழைப்பை போனில் அனுப்பி, போன் பார்க்காத பெரியவர்களுக்கு மட்டும் அச்சடித்துக் கையில் கொடுங்கள். 300 பேர் என்றால் வீட்டுக்கு ஒன்றாகப் பார்த்தால் 100 அழைப்பு, அதில் 40 அச்சடித்தால் போதும்.

உடையில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், இதை மறுபடி எத்தனை தடவை உடுத்துவேன் என்று. ஒரே நாளைக்கென்று கனத்த உடை எடுப்பதைவிட அம்மாவுடையதைச் சீர்செய்து உடுத்தலாம், வாடகைக்கும் கிடைக்கிறது.


அமைதிக்கரை:

எல்லோரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிப் பேசும்போது ஜாக்கிரதை. எங்கள் வீட்டில் அக்கா இதைச் செய்தார், விட்டுப்போன இரண்டு குடும்பத்தோடு இன்றுவரை பேச்சில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர்களிடம் யாரும் நேரில் போய்ச் சொல்லவில்லை, அழைப்பு வரவில்லை என்பதை வைத்து அவர்களே புரிந்துகொண்டார்கள். 300 பேர் வரட்டும், பஸ் பேசுங்கள், சாப்பாட்டை அளந்து சமையுங்கள். ஆளைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் கணக்குநோட்டு சொன்ன மாதிரி நீங்கள் இருவரும் போய்ப் பார்க்கப்போகும் வீடுகளை இப்போதே எழுதி, கல்யாணத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, வந்தவர்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள். மேடையில் பலகை வைத்து "இந்தக் கல்யாணத்தில் இவ்வளவு குப்பையைக் குறைத்தோம்" என்று எழுதினால் வந்தவர்கள் கூச்சப்படுவார்கள். கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள், அது போதும்.


மழைக்குருவி:

நேற்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். பார்த்து வைத்திருந்த ஊருக்கு வெளியே உள்ள மண்டபத்தை விட்டுவிட்டு, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பழைய மண்டபத்தையே எடுப்பது என்று முடிவாகிவிட்டது. அழகு குறைவு, ஆனால் பெரிய ஜன்னல்கள் இருக்கின்றன. நிகழ்ச்சி பகலில். இரண்டு பஸ், கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் அழைப்பிலேயே வரும். 22 வகை என்று இருந்ததை 11 ஆக்க அப்பா ஒப்புக்கொண்டார், அதில் ஒரே ஒரு நிபந்தனை, இனிப்பு இரண்டு இருக்க வேண்டுமாம். ஆட்களைக் குறைக்கவில்லை, அமைதிக்கரை சொன்னது எங்களுக்கும் சரியாகப் பட்டது. தொலைவில் இருக்கும் ஏழு வீட்டுக்கு மட்டும் நாங்களே வருகிறோம் என்று இந்த வாரம் போன் செய்யப்போகிறோம்.

பை, கன்று, கரண்டி எல்லாம் போனதில் மிச்சமான பணத்தைத் தட்டு கழுவுகிற ஆட்களுக்கு ஒதுக்கச் சொன்னது அம்மாதான். 300 பேருக்கு இரண்டு வேளை, தட்டும் டம்ளரும் கழுவ எத்தனை பேர் வேண்டும், எத்தனை தட்டு கூடுதலாக எடுக்க வேண்டும் என்று மண்புழு சொன்னால் நாளைக்கே பேசி முடித்துவிடுவேன்.


மண்புழு:

ஒரே நேரத்தில் 100 பேர் உட்காருவார்கள் என்றால் 200 தட்டு, 250 டம்ளர் எடுங்கள். நூறு தட்டு மேஜையில் இருக்கும்போது மற்ற நூறு கழுவித் துடைத்துத் தயாராகும், டம்ளர் மட்டும் எப்போதும் காணாமல் போகும். கழுவ ஆறு பேர், வழித்துப் போடவும் சுமக்கவும் இரண்டு பேர், ஒரு வேளைக்கு. இரண்டு வேளையும் அதே ஆட்களை நிற்க வைக்காதீர்கள், கை வெந்துபோகும். முதல் வரிசை உட்காரும் முன் அந்த எட்டுப் பேரும் சாப்பிட்டிருக்க வேண்டும், இதைக் காண்ட்ராக்டரிடம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.